ஊரையே இறக்கிவிட்ட கண்டக்டர்

நாத்தனார் வாயால் நல்ல பெயர் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. எங்கள் அண்ணி வாங்கிவிட்டார், அதுவும் என் வாயால். நான் தையல்காரி. தைத்த துணியில் ஒரு இழை துருத்திக்கொண்டு நின்றால்கூட மொத்தத்தையும் பிரித்துப் போட்டுத் திரும்பத் தைப்பவள். அண்ணி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவர் துணி மடிப்பதில் குறை கண்டுபிடித்தேன், நடையில் கண்டுபிடித்தேன், பேச்சு நாலு தெருவுக்குக் கேட்கிறது என்று அண்ணனிடம் போட்டுக் கொடுத்தேன். இன்றைக்குக் கடைக்கு யார் வந்தாலும் அளவெடுக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறேன். "பஸ்ஸுல வந்தீங்கல்ல, அந்தக் கண்டக்டர் யார்னு நெனச்சீங்க? எங்க அண்ணி!" கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர் பாவம், எங்கே தப்பிப்பார்? முழுக் கதையும் கேட்டுவிட்டுத்தான் கையை இறக்க முடியும்.

எங்கள் ஊர் ஏரிக்கரையில் இருக்கிறது. ஏரிக்கு அந்தப் பக்கம் மலை, இந்தப் பக்கம் காகித ஆலை. ஊரில் பாதிப் பேர் ஆலையில் வேலை செய்தார்கள், மீதிப் பேர் அந்தப் பாதிப் பேருக்குச் சாமான் விற்றுப் பிழைத்தார்கள். இயந்திரக் கூடத்தில் ஓடும் சத்தத்துக்கு, பக்கத்தில் நிற்பவர் காதில் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லாமே கைஜாடைதான். விரலை வட்டமாகச் சுற்றினால் 'ஓட்டு' என்று அர்த்தம். உள்ளங்கையை நெஞ்சில் வைத்தால் 'பார்த்துவிட்டேன்' என்று பதில். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, குறுக்காக ஒரு முறை வெட்டினால், காகிதம் அறுந்துவிட்டது, உருளை கையை இழுக்கப் போகிறது, எல்லோரும் உடனே எழுந்து விலகுங்கள் என்று பொருள். அந்த ஜாடையைப் பார்த்தால் ஏன், எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டு நின்ற ஒருவருக்கு விரல்கள் போயிருக்கின்றன. ஆகையால் சேர்ந்த முதல் நாளே அதை உடம்பில் ஏற்றிவிடுவார்கள்.

அண்ணி கூடத்தின் ஒரு கோடியில் காகிதச் சுருள் இறக்கும் இடத்தில் இருந்தார். என் அண்ணன் மறு கோடியில் இயந்திரத்தை ஓட்டுபவன். அண்ணி விரலைச் சுற்றுவார், அண்ணன் நெஞ்சில் கை வைப்பான். ஒரு தடவை வைத்தால் போதும். இவன் தேவைக்கு மேல் இன்னொரு தடவையும் வைப்பானாம். இப்படித்தான் ஒரு வார்த்தை பேசாமலேயே இருவருக்கும் கல்யாணம் வரை போய்விட்டது. அண்ணியின் குரல் ஏன் நாலு தெருவுக்குக் கேட்கிறது என்பதும் எனக்கு அப்புறம்தான் புரிந்தது. ஆலைக்காரர்கள் எல்லோருக்குமே காது மந்தம், தொண்டை பெரிசு.

ஒரு நாள் ஆலையை மூடிவிட்டார்கள்.

வேலை போன மற்றவர்கள் சண்டை போட்டார்கள், அழுதார்கள், மூட்டை கட்டிக்கொண்டு நகரத்துக்குப் போனார்கள். அண்ணன் கொல்லைப்புறத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், சாப்பிட்டுவிட்டுத் திரும்ப அங்கேயே போய் உட்காருவான். கைகள் இரண்டும் மடியில் கிடக்கும். வீட்டில் மூச்சுவிடாமல் பேசுகிற நானே பயந்து குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அண்ணி அதற்கெல்லாம் அசரவில்லை. கிடைத்த வேலைக்கெல்லாம் போய்வந்தார். கோழிப் பண்ணையில் முட்டை அடுக்கினார், ஆஸ்பத்திரியில் தரை துடைத்தார். சாயங்காலம் வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் புருஷனுக்கு அன்றைய சமாசாரம் முழுவதையும் சத்தமாகச் சொல்லுவார். பதில் வராது. மறுநாளும் சொல்லுவார்.

அந்தச் சமயத்தில்தான் சுற்றுலாத் துறையிலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்தார். நரைத்த முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, ஓட்டக்காரர்கள் போடும் காலணி போட்டுக்கொண்டு, மலைப்பாதை முழுக்க நடந்து பார்த்துவிட்டு வந்து, பூட்டிக் கிடந்த ஆலை கேன்டீனைத் திறக்கச் சொல்லி ஊரைக் கூட்டினார். உங்கள் ஏரியையும் மலையையும் பறவைகளையும் பார்க்க வெளியூரிலிருந்து ஜனங்கள் வருவார்கள் என்றார். கேன்டீனே சிரித்தது.

"இந்தத் தண்ணியப் பாக்கவா? இதுல துணி அலசத்தான் நாங்களே போவோம்" என்றார் தலைவர். ஆலை இருந்தபோது தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். ஆலை போய்விட்டது, சங்கமும் போய்விட்டது, தலைவர் மட்டும் போகவில்லை.

அதிகாரி அம்மா கோபப்படவில்லை. "நீங்க தினம் பாக்கறீங்க, அதான் தெரியல" என்று சொல்லிவிட்டு, என்னென்ன செய்யப் போகிறார்கள் என்று விளக்கினார். அரசாங்கம் படகுத்துறையைப் புதுப்பிக்கும். மலைப்பாதைக்குக் கைப்பிடி போடும். கரையில் சுத்தமான கழிப்பறை கட்டும். வீட்டில் ஒரு அறையை விருந்தினர்களுக்கு ஒதுக்குகிறவர்களுக்கு அதைச் சீர்செய்ய உதவி தரும், நடத்தவும் சொல்லித் தரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ரயில் ஜங்ஷனிலிருந்து ஊருக்கு நேர் பஸ் விடும். ஜங்ஷன் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து வெளியூர்க்காரர்கள் இங்கே வர வேறு வண்டியே கிடையாது. பஸ் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

"ஆனா ஒண்ணு" என்றார். "பஸ்ஸுக்கு இந்த ஒரு சீசனுக்குத்தான் ஒதுக்கியிருக்காங்க. வெளியூர்க்காரங்க வந்தா தொடரும். காலியா ஓடுச்சுன்னா நிறுத்திடுவாங்க. அப்ப நானே நெனச்சாலும் காப்பாத்த முடியாது. முன்னாடியே சொல்லிடறேன்."

பஸ்ஸுக்கு உள்ளூர் ஆளைத்தான் கண்டக்டராக எடுப்போம் என்றதும், கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து அண்ணி கை தூக்கினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "குரல் இருக்குங்க என்கிட்ட" என்றார். அதை அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

பயிற்சிக்கு நகரத்துக்குப் போய் வந்தார். கூடவே ஒரு சீருடைச் சட்டையும் வந்தது. ஆண்பிள்ளைகள் அளவில் வெட்டியது, தோள் முழங்கை வரை தொங்கியது. நான் பிரித்து, தோளைக் குறுக்கி, இடுப்பைப் பிடித்து, விசில் வைக்க மார்பில் ஒரு பையும் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். "எப்படிடி இருக்கு?" என்று கேட்டார். ஏதாவது குறை சொல்லலாமா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. "பரவாயில்ல" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

மாடி அறைக்கு உதவி கேட்டு அண்ணி பதிந்து வைத்திருந்தார். பயிற்சி கொடுக்க வந்தவர் அறையைப் பார்த்துவிட்டு, குழாய் சொட்டுகிறது, இது சரியாகாமல் விருந்தினரைத் தங்கவைக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை நான் கொல்லைக்குப் போனால் நாற்காலி காலியாக இருந்தது. மாடியில் டங் டங் என்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், அண்ணன் குழாயைக் கழற்றித் துண்டு துண்டாகத் துணியில் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வாஷர் தேஞ்சு போச்சு" என்றான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை வாஷர்.

குழாய்க்கு அப்புறம் ஜன்னல் தாழ்ப்பாள், அதற்கப்புறம் சுவருக்கு வெள்ளை, அதற்கப்புறம் படிக்கட்டுக்குக் கைப்பிடி. விருந்தினரைச் சிரித்த முகத்தோடு வரவேற்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அண்ணன் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகினான். பல்வலிக்காரன் மாதிரி இருந்தது. "இதப் பாத்தா வந்தவங்க அப்படியே திரும்பிடுவாங்க" என்றேன். அதைக் கேட்டு நிஜமாகவே சிரித்துவிட்டான். அன்றைக்கு எனக்குப் புரிந்தது, இந்த பஸ் நின்றால் அண்ணன் திரும்ப அந்த நாற்காலிக்குத்தான் போவான் என்று. அண்ணிக்கு அது எனக்கு முன்பே தெரிந்திருக்கும். வாயைத் திறந்து சொன்னதில்லை.

முதல் வாரங்களில் பஸ் காற்றைத்தான் ஏற்றிக்கொண்டு வந்தது. அண்ணி அசரவில்லை. காலி இருக்கைகளைப் பார்த்து முழுக்குரலில், "இடது கைப் பக்கம் பாருங்க, இப்பத் தெரியறதுதான் ஏரி. வளைவு திரும்பினதும் மலை உச்சி தெரியும். கையை வெளிய நீட்டாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வருவார். டிரைவர் ஆலையில் கொதிகலன் பார்த்தவர். பனைமர உயரம், அதனால் ஊர் வைத்த பெயர் புகைபோக்கி.

"யாருக்கும்மா சொல்றே? சீட்டுக்கா?" என்று கேட்டாராம் புகைபோக்கி.

"ஆள் வர்றப்போ தடுமாறக் கூடாதுல்லண்ணே. நீங்க ரோட்டப் பாருங்க."

ஆள் வந்தார்கள். முதலில் பறவை பார்க்கிறவர்கள், தோளில் கேமராவோடு, ஒன்றிரண்டு பேர். அப்புறம் மலையேறுகிறவர்கள். எங்கள் மாடி அறையில் ஒரு ஆசிரியர் தம்பதி தங்கினார்கள். அண்ணன் சுடுதண்ணீர் போதுமா, காற்று வருகிறதா என்று கதவைத் தட்டித் தட்டியே அவர்களைத் தூங்கவிடவில்லை. அவர்கள் நல்லவர்கள், அடுத்த வாரம் வேறு இருவரை அனுப்பிவைத்தார்கள். எனக்குத் திரைச்சீலை ஆர்டர் வர ஆரம்பித்தது. ஊரில் அறை சீர்செய்கிற வீடெல்லாம் திரைச்சீலை கேட்டது, தலையணை உறை கேட்டது. உதவிக்கு இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டேன். முட்டை விற்கிற அக்கா கரையில் டீக்கடையும் போட்டார். ஆலைச் சாமான்களைக் கட்டி அனுப்பிய கொட்டகையில் படகுகளை நிறுத்தினார்கள். நகரத்துக்குப் போன குடும்பங்களில் சில பூட்டைத் திறந்து வீட்டைப் பெருக்கின.

இப்படிச் சூடு பிடிக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சனிக்கிழமைகளில் வரவேண்டிய கூட்டம் வரவில்லை. பஸ் மறுபடியும் காற்றை ஏற்றியது. சீசன் முடிகிற சமயம். அடுத்த சனிக்கிழமை அதிகாரி அம்மாவே ஜங்ஷனில் ஏறி, பஸ் எப்படி ஓடுகிறது என்று நேரில் பார்க்கப் போகிறார் என்ற செய்தி வந்தது.

தலைவர் அண்ணிக்கும் புகைபோக்கிக்கும் தெரியாமல் கேன்டீனில் கூட்டம் போட்டார். "வெளியூர்க்காரன் வரலைன்னா என்ன? நாம இல்ல?" என்றார். திட்டம் எளிது. விடிவதற்கு முன்னால் மணல் லாரியில் ஜங்ஷனுக்குப் போய்விட வேண்டும். பஸ் வந்ததும் சுற்றுலாப் பயணிகள் மாதிரி ஏறி உட்கார்ந்துவிட வேண்டும். பஸ் நிரம்பி வழிவதை அதிகாரி பார்ப்பார், கதை முடிந்தது. எல்லோரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன். அது தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். நாங்கள் காப்பாற்றப் பார்த்தது எங்கள் பஸ்ஸை. திரைச்சீலைக்கு எடுத்த பூப்போட்ட துணியில் மிச்சம் கிடந்தது. அதில் எல்லோருக்கும் தொப்பி தைத்தேன்.

சனிக்கிழமை காலை ஜங்ஷன் வாசலில் நாங்கள் நின்ற கோலத்தைச் சொல்ல வேண்டும். தலைவர் கறுப்புக் கண்ணாடியும் பூத்தொப்பியும். சலூன்காரர் கழுத்தில் கேமரா உறை, உள்ளே சீப்பு. முட்டைக்கார அக்கா கையில் விரித்த குடை, மழையும் இல்லை வெயிலும் இல்லை. என் அண்ணன் கையில் ஒரு காலிப் பெட்டி. பஸ் வந்து நின்றது. அண்ணி படியிலிருந்து இறங்கினார். எங்களைப் பார்த்தார். வாய் திறந்தது, மூடவில்லை.

நாங்கள் முண்டியடித்து ஏறி, அதிகாரி அம்மாவுக்கென்று முன்னால் ஒன்றை விட்டுவிட்டு, மற்ற இருக்கைகளில் ஒன்று விடாமல் உட்கார்ந்தோம். அண்ணி நேராக அண்ணனிடம் வந்தார்.

"என்னங்க இது?"

அண்ணன் காசை நீட்டினான். "ஏரிக்கு ஒரு டிக்கெட்."

"மாடி ரூமுக்கு யாராவது வந்தா யாரு கதவத் திறப்பா?"

அவன் பதில் சொல்வதற்குள் அதிகாரி அம்மா ஏறிவிட்டார். சுற்றிலும் பார்த்தார், முகம் மலர்ந்தது. "அட, இந்த ஒரு சீட்டத் தவிர எதுவுமே காலி இல்லையே! இந்த மழைக் காலத்துல யாரும் வந்திருக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார். தலைவர் என்னைப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அண்ணி எங்கள் ஒவ்வொருவருக்கும் டிக்கெட் கிழித்தார்.

அப்போதுதான் ரயில் வந்தது.

யாரும் இறங்க மாட்டார்கள் என்று நாங்கள் நினைத்த ரயில் அது. அந்த வாரம் சுற்றுலாத் துறை எங்கள் ஏரியைப் படம்பிடித்து டிவியில் காட்டியிருக்கிறது. எங்களுக்கு அது தெரியாது, தொப்பி தைக்கிற மும்முரத்தில் இருந்தோம். வாசல் வழியாக வந்தார்கள், வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். கல்லூரிப் பெண்கள் ஒரு கூட்டம். மூன்று கால் தொலைநோக்கியைத் தோளில் சுமந்த ஒருவர். காலில் மாவுக்கட்டோடு ஒருவர், அவரைத் தாங்கிப் பிடித்த மனைவி, நீச்சல் வளையத்தை இடுப்பிலேயே மாட்டிக்கொண்டு வந்த அவர்களுடைய குட்டிப் பெண். எல்லோரும் பஸ் வாசலில் வந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"இடம் இல்லையாங்க?" என்றார் மாவுக்கட்டுக்காரரின் மனைவி.

மலைப்பாதை என்பதால் நின்றுகொண்டு வர அனுமதி கிடையாது. அடுத்த பஸ் சாயங்காலம்தான். அந்த அம்மா எதிர்ப் பிளாட்பாரத்தைப் பார்த்தார். திரும்பிப் போகும் ரயில் அங்கே நின்றுகொண்டிருந்தது. "வாங்க, போயிடலாம். இன்னொரு தடவை பாத்துக்கலாம்" என்று புருஷனிடம் சொன்னார். குட்டிப் பெண்ணுக்கு உதடு பிதுங்கியது.

அதிகாரி அம்மா தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, "பாவம், இவங்களை என்ன பண்றது?" என்றார். அவர் முகத்தில் வருத்தத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. பஸ் பிழைத்துவிட்டது, எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அண்ணி விசில் அடிக்க வேண்டியதுதான் பாக்கி. விசிலை வாயில் வைத்தார். தலைவர் பின்னாலிருந்து, "போலாம், ரைட்!" என்று குரல் கொடுத்தார்.

விசில் வரவில்லை. அண்ணி அந்த வளையம் மாட்டிய குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் விசிலை எடுத்து நான் தைத்த பைக்குள் போட்டார்.

"நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் எறங்குங்க" என்றார்.

யாரும் அசையவில்லை. தலைவர் கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து, "எந்த ஊரும்மா? நாங்கல்லாம் டூர் வந்திருக்கோம்" என்றார். சலூன்காரர் கேமரா உறையைத் தூக்கிக் காட்டினார். பின் இருக்கையில் சிரிப்பு. அதிகாரி அம்மா ஒன்றும் புரியாமல் இவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அண்ணி மறுபடி கேட்கவில்லை. பஸ்ஸின் நடுவில் வந்து நின்றார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, குறுக்காக ஒரே வெட்டு வெட்டினார்.

பஸ்ஸே எழுந்தது. யாரும் யோசித்து எழவில்லை. உடம்பு எழுந்தது. ஆலை மூடி இத்தனை நாளாகியும் அந்தக் கைக்கு முன்னால் ஒருவராலும் உட்கார்ந்திருக்க முடியவில்லை. முதலில் எழுந்தது அண்ணன். தலைவர் தொப்பி நழுவ எழுந்து நின்று, ஏன் நிற்கிறோம் என்று பிறகுதான் யோசித்தார். ஆலைக்குள் கால் வைக்காத நான்கூடப் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்த வேகத்தில் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகு என்ன செய்வது? வரிசையாக இறங்கினோம்.

"யாரு இவங்கல்லாம்?" என்றார் அதிகாரி அம்மா.

"எங்க ஊர்க்காரங்க மேடம்" என்றார் அண்ணி. குரலைத் தாழ்த்தவில்லை, அவருக்குத் தாழ்த்தத் தெரியாது. வெளியே நின்ற எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "பஸ் காலியா இருந்தா நிறுத்திடுவீங்கன்னு பயந்து வந்திருக்காங்க. எனக்குத் தெரியாது. ஆனா தெரிஞ்ச பிறகும் டிக்கெட் கிழிச்சேன், அது என் தப்பு. நீங்க மேல சொல்றதா இருந்தா சொல்லுங்க. வந்தவங்களை வாசல்ல நிக்கவெச்சிட்டு எங்க ஆளுங்களை ஏத்திட்டுப் போக என்னால முடியாது. இந்த பஸ் விட்டதே அவங்களுக்காகத்தான்."

பூத்தொப்பிகளோடு நிற்கும் எங்களை அதிகாரி அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. "விசில் அடிங்க. நேரமாகுது" என்றார். தன் இருக்கையை மாவுக்கட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு, டிரைவர் பக்கத்து இன்ஜின் மேடையில் போய் உட்கார்ந்தார். ரயிலில் வந்தவர்கள் ஏறி முடித்தபோது பஸ்ஸில் இடமே மிச்சமில்லை. "இடது கைப் பக்கம் பாருங்க" என்ற குரல் வளைவு தாண்டும்வரை கேட்டது.

"போச்சு. ஊரையே கவுத்துட்டா உங்க அண்ணி" என்றார் தலைவர்.

எனக்கு வந்ததே கோபம். "எங்க அண்ணியச் சொன்னா தொப்பியத் திருப்பிக் கொடுங்க! அத்தன பேரு வந்திருக்காங்க, எல்லாரையும் ரயில்ல திருப்பி அனுப்பிட்டு நீங்க மட்டும் போய் ஏரியப் பாக்கப் போறீங்களா? துணி அலசவா?" என்று பிடித்துக்கொண்டேன். நாத்தனார் நாக்கு என்றால் என்ன என்று அன்றைக்குத் தலைவருக்குத் தெரிந்தது. அண்ணன் காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "எப்படி எழுந்தேன் பாத்தியா?" என்றான் என்னிடம்.

திரும்ப ஒரு லாரி கிடைத்து, அதில் பாதி வழி வந்த பிறகுதான் படகுக்காரர் கேட்டார், "ஆமா, நாம எல்லாரும் இங்க இருக்கோம். ஊர்ல யாரு இருக்கா?"

ஒருவரை ஒருவர் பார்த்தோம். டீக்கடைக்காரி இங்கே. படகுக்காரர் இங்கே. அறை வாடகைக்கு விடுகிற அத்தனை வீட்டுக்காரர்களும் இங்கே. அவ்வளவு பேர் இறங்கியிருக்கிறார்கள், ஊரில் எல்லாக் கதவிலும் பூட்டு. அதிகாரி அம்மா வேறு கூடவே. "இன்னிக்கு நம்ம சோலி முடிஞ்சுது" என்றார் சலூன்காரர். லாரிக்காரரைப் பறந்து போகச் சொன்னோம், அவர் மணல் லாரிக்குச் சிறகு இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஊருக்குள் நுழைந்தால் திருவிழாக் கூட்டம். புகைபோக்கி ஏரி நடுவில் கல்லூரிப் பெண்களைப் படகில் வைத்துத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். படகு வட்டமாகச் சுற்றியதே தவிர முன்னேறவில்லை, அவர்களுக்கு அதுவே குஷி. என் கடைச் சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அண்ணி கடையைத் திறந்து, துணி வெட்டும் மேசையைச் சுற்றி ஜனங்களை உட்காரவைத்திருந்தார். என் மேசையில் பிஸ்கட் தூள்! வேறு நாளாக இருந்தால் கொலை விழுந்திருக்கும். எங்கள் வீட்டு அடுப்படியில் கையை மடித்துவிட்டுக்கொண்டு டீ போட்டுக்கொண்டிருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அதிகாரி அம்மா.

அண்ணனைப் பார்த்ததும் வடிகட்டியை வைத்துவிட்டு வந்தார். "மாடி ரூம் உங்களோடதா? கட்டுப் போட்டவரைப் படுக்கவெச்சிருக்கோம். படிக்கட்டுல அந்தக் கைப்பிடி இல்லேன்னா அவரால ஏறியிருக்கவே முடியாது. யாரு போட்டது?"

"நான்தாங்க" என்றான் அண்ணன். சிரித்தான். கண்ணாடி முன்னால் பழகிய சிரிப்பு இல்லை.

அடுத்து வந்த நாட்களில் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. பஸ் வழக்கம்போல் ஓடியது, ஆனால் யாரும் அண்ணியிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. அண்ணி சீருடையைத் தினமும் துவைத்து, கடைசித் தடவையாக இருக்கலாம் என்பது போல இஸ்திரி போட்டு மாட்டுவார். ஒருநாள் மட்டும் என்னிடம், "நான் பண்ணது சரிதானேடி?" என்று கேட்டார். "தோள் கொஞ்சம் இறங்கியிருக்கு, சட்டையக் கொடுங்க அண்ணி, சரிபண்றேன்" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

சீசன் முடிந்ததும் அதிகாரி அம்மா வந்தார். ஊரே கேன்டீனில் கூடியது.

"பஸ் தொடரும்" என்றார். கூரை பறக்கிற சத்தம் எழுந்தது. கையமர்த்தினார். "இருங்க. சனி, ஞாயிறுல ரெண்டாவது பஸ்ஸும் வருது. வர்றவங்களுக்கு ஒண்ணு போதாதுன்னு நான் கண்ணால பாத்தேன். மேல கேட்டாங்க, அந்த ஊர்க்காரங்களே பயணிங்க மாதிரி ஏறி ஏமாத்தப் பாத்தாங்களாமேன்னு. ஆமா, அந்த விஷயத்த அவங்ககிட்ட சொன்னதே நான்தான். ஏறினாங்க, அந்த ஊர்க் கண்டக்டரே இறக்கிவிட்டாங்க, அதனால இந்த ஊர் சொல்ற பயணிங்க கணக்கை நான் நம்பறேன்னு சொன்னேன்."

எல்லோரும் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் எழுந்து, வாழ்க்கையில் முதல்முறையாகக் குரல் வராமல் நின்றார். எனக்கு அந்த நிமிஷம் பெருமை தாங்கவில்லை. "எங்க அண்ணி!" என்று கத்தினேன். நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

அதிகாரி அம்மா போகும்போது தலைவரிடம், "அந்தப் பூத்தொப்பி நல்லா இருந்துச்சு, எங்க கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். இப்போது என் கடையில் அதிகம் போகிற சரக்கு அந்தத் தொப்பிதான். உதவிக்கு இருந்த இரண்டு பெண்கள் போதாமல் இன்னும் ஆள் சேர்த்திருக்கிறேன். எல்லாமே தன் திட்டத்தால் வந்தது என்று தலைவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும்.

இரண்டாவது பஸ் முதன்முதலாகப் புறப்பட்ட சனிக்கிழமை, ஜங்ஷனில் விற்கத் தொப்பி மூட்டையோடு நானும் ஏறினேன். சொந்தக்காரி என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். அண்ணி வந்து நின்றார்.

"டிக்கெட்."

"அண்ணி, நான்தான்."

"நாத்தனார்னா டிக்கெட் இல்லைன்னு எங்கயாவது எழுதியிருக்கா? எடு."

எடுத்தேன். வேறென்ன செய்ய?

பஸ் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அண்ணன் வாசலில் நின்றிருந்தான், கையில் திருப்புளி, பின்னால் மாடி ஜன்னலில் விருந்தினர்களின் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அண்ணி விசில் கொடுத்து பஸ்ஸை நிறுத்தினார். புகைபோக்கி எதற்கு என்று கேட்கவில்லை, கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி படியில் இறங்கி நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தூக்கி விரலை வட்டமாகச் சுற்றினார்.

ஆலை மூடிய பிறகு அவர்களுக்குள் அந்த ஜாடை இதுதான் முதல் தடவை, நான் கண்ணால் பார்த்ததும் அன்றுதான். அண்ணன் திருப்புளியைக் கீழே வைத்தான். நிமிர்ந்து, உள்ளங்கையை நெஞ்சில் வைத்தான். எடுத்தான். தேவைக்கு மேல் இன்னொரு முறையும் வைத்தான்.

"போலாம், ரைட்!" என்றார் அண்ணி.